கழுத்து வரைக்கும் பெட்ரோல்

பெட்ரோல் பங்க்கில் குழாய் 'டக்' என்று தானாக நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்று சொல்கிற ரகம் நான். அதாவது, அப்படி இருந்தேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டதும் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறேன். "ரவுண்டாப் போட்டுடவாம்மா?" என்று யாராவது கேட்டால் சுள்ளென்று கோபம் வருகிறது. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்கிறார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை.

கார் எங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். திருவிடைமருதூரிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில், வாய்க்காலை ஒட்டி நீளமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. நிலம் இருக்கும், அதில் இறங்க வீட்டில் ஆள் இருக்காது. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அப்படி வந்த ஒரு லீவில், கும்பகோணத்தில் ஒருவரிடமிருந்து வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒரு பழைய காரை வாங்கினார். லீவு முடியும்வரை என்னையும் பையனையும் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றினார். லீவு முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார். கார் நின்றது. நானும் நின்றேன்.

டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்றால், புருஷன் ஊரில் இல்லாதவள் வேற்று ஆண் ஓட்டுகிற காரில் போகிறாள் என்று ஊர் பேசும். நானே ஓட்டினாலும் ஊர் பேசும். இரண்டிலும் பேச்சு உண்டு என்றால் நானே ஓட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கும்பகோணத்தில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்களெல்லாம் துபாய் போவதற்காக லைசென்ஸ் எடுக்க வந்த பையன்கள். நான் பையனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக எடுத்தேன். ரிவர்ஸ் எடுப்பது மட்டும் இன்றுவரை எனக்குச் சரியாக வரவில்லை, அது வேறு கதை.

ஓட்டுவதுகூடப் பெரிதில்லை. பெட்ரோல் போடுவதுதான் எனக்குப் பெரிய கண்டம். மெயின் ரோட்டில் இருந்த பங்க்குக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. அங்கே எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். டிராக்டர்காரர், லாரிக்காரர், சும்மா இருக்கிறவர் என்று எல்லோருக்கும் நான் காரை நிறுத்தி இறங்குவதைப் பார்ப்பதுதான் வேலை. நான் மூடியைத் திறக்கச் சாவியோடு தடுமாறினால் அங்கே ஒரு கனைப்பு கேட்கும். ஒருநாள் ஒருவர் சத்தமாகவே சொன்னார், "அங்க எண்ணெய் எடுத்து அனுப்புறாங்க, இங்க ஊத்துறாங்க." மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றோடு, வந்தால் வந்த தடவையில் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு போய்விடுவது, பிறகு எத்தனை நாள் தள்ளிப்போட முடியுமோ அத்தனை நாள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அது டீக்கடைக்காரர்கள் கொடுத்ததில்லை, எனக்குள்ளேயே ஊறியது. எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார்கள். 'லாபம்' என்றுதான் சொல்வார்கள். அந்த லாபமும் மரக்காலின் விளிம்போடு நிற்காது. கையால் அணைத்துக் கோபுரமாகக் குவித்து, நாலு மணி தரையில் சிந்தினால்தான் அது அளவு. விளிம்போடு வழித்து அளப்பவரைத் தலைதட்டி அளக்கிறவர் என்போம். அது நல்ல பெயரில்லை. பொங்கல் பானை பொங்கி வழியாவிட்டால் வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடும். காப்பி டவராவில் வழியாவிட்டால் விருந்தாளி குறைப்பட்டுக்கொள்வார். இப்படி வளர்ந்தவளிடம் போய் ஒரு மிஷின், 'டக், போதும்' என்று சொன்னால் எப்படிக் கேட்பேன்? அது எனக்குத் தலைதட்டிய அளவாகத்தான் பட்டது.

பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் நரைத்த மீசைக்காரர். புதிதாக வைத்த மிஷின், தானாக நின்றுவிடும், அவருக்கே அது கொஞ்சம் பெருமை.

"கட் ஆயிடுச்சும்மா. இதுக்கு மேல வேணாம்."

"இன்னும் இறங்கும். நீங்க விடுங்கண்ணே."

"தரைக்கு அடியிலேர்ந்து சில்லுனு வருதும்மா. வெயில்ல நிறுத்துனா விரியும். கொஞ்சம் எடம் விடணும். பொங்கிடும்."

"பொங்கட்டுமே. பொங்குறது நல்லதுதானே?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எதிர்க் கடையிலும் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் இருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே காரின் பின்பக்கத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினேன். மூட்டையில் நெல்லை இறக்கும்போது குலுக்குவோமே, அதேபோல. உள்ளே காற்றுக் குமிழ் போய், பெட்ரோல் கீழே இறங்கியது. மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வாயருகே பளபளவென்று தெரிந்ததும் மூடியைத் திருகினேன். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதுதான் நடந்தது. மீசைக்காரரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

கார் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் வெளுத்துவிடும் என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு போனிலும் சொல்வார். வீட்டின் பக்கவாட்டில், ஒரு காலத்தில் நெல் கொட்டி வைத்த அறை ஒன்று இருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு அங்கே கொட்ட நெல் இல்லை. வண்டி நுழைகிற அளவுக்கு அகலமான கதவு இருந்தது அந்த அறைக்கு மட்டும்தான். கார் அங்கே போனது. பழைய ஓட்டை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருந்ததால் சித்திரை வைகாசியில் உள்ளே அடுப்படி மாதிரி கொதிக்கும். தரையும் ஒருபக்கமாகச் சரிந்திருக்கும். கழுவிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்காக அந்தக் காலத்திலேயே அப்படிப் போட்டது. காரின் இடப்பக்கம் தாழ்ந்து நிற்கும். பெட்ரோல் மூடி இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

அந்தப் பக்கச் சுவரோரம் ஒரு பலகை போட்டு, அதன்மேல் இரண்டு சாக்கு மூட்டை இருந்தது. விதை நெல். எங்கள் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, குத்தகைக்குச் செய்தவருடையது. அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூரை வீட்டில் மனைவியோடும் சின்னப் பெண்ணோடும் இருந்தார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவதால் நான் அவருக்கு அண்ணி. அவர் வீட்டில் எலி, ஒழுகல். அதனால் போன குறுவைப் பட்டத்தில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அடித்து, வெயில் காட்டி, வேப்பிலை போட்டுக் கட்டிய மூட்டைகளை எங்கள் நெல்லறையில்தான் வைப்பார். அதோடு என் கை ராசியான கை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"உங்க வீட்டுல இருந்தாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும் அண்ணி," என்பார்.

கார் வந்த பிறகு மூட்டைகளுக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் இருந்தது. சில நாள் என் ஓட்டும் லட்சணத்துக்கு அதுவும் இருக்காது, கார் மூட்டையில் சாய்ந்தே நிற்கும்.

அந்த வைகாசியில் ஒருநாள் அவர் மூட்டைகளைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. காரின் பக்கத்தில், மூடிக்குக் கீழே, தூசியில் ஒரு கோடு இறங்கியிருந்தது. நானும் பார்த்தேன். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தது எனக்கு முன்பே தெரியும், மாற்ற வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

"என்ன அண்ணி, வாசனை தூக்குது?"

"கார்னா வாசனை வராம என்ன செய்யும் தம்பி? உங்களுக்கு நல்லதுதான். இந்த வாசனைக்கு அந்துப்பூச்சி கிட்ட வருமா? இனிமே வேப்பிலையே வேணாம்."

அவர் ஒருகணம் யோசித்தார். பிறகு சிரித்தார். "அதுவும் சரிதான்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயைத் திறந்தது, கெட்டது வேறு ஆள்.

ஆனியில் தண்ணீர் வந்தது. அந்த வருடம் அணை திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே ரேடியோ முன்னால் கிடந்த பிறகு வந்த தண்ணீர். வாய்க்காலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் ஓடிவந்தபோது எங்கள் தெருவே கரையில் நின்று பார்த்தது. மறுநாளே எல்லோரும் நாற்றங்காலில் இறங்கிவிட்டார்கள். அவரும் வந்து மூட்டைகளை எடுத்துப் போனார். போகும்போது, "அண்ணி, உங்க கையால ஒரு பிடி" என்று மூட்டையைத் திறந்து நீட்டினார். நான் ஒரு பிடி அள்ளி மறுபடி அதிலேயே போட்டேன். என் கையில் பெட்ரோல் வாசனை ஒட்டிக்கொண்டது. கழுவினேன். நான் எதுவும் நினைக்கவில்லை.

விதை நெல்லை மூட்டையோடு தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு எடுத்து வடித்து, வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள். உள்ளே சூடு ஏறும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக மூக்கு எட்டிப் பார்க்கும். பிரிக்கிற அன்று காலையில் அவர் மனைவி ஓடிவந்தாள். என்னை அக்கா என்பாள், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். ஒண்ணும் சரியா இல்ல."

அவர் வைக்கோலைத் தள்ளிவிட்டு, பிரித்த சாக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். சாக்கிலிருந்து வெதுவெதுப்பாக ஆவி வந்தது. அந்த ஆவியில் முளைகட்டிய நெல்லின் இனிப்பு வாசனை இல்லை. எனக்குத் தெரிந்த வாசனை இருந்தது. நெல் கையில் வழுவழுவென்று ஒட்டியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மூக்கு வந்திருந்தது, மற்றதெல்லாம் ஊமையாகக் கிடந்தது. இன்னொரு சாக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அவர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நெல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"விதை பழசு போலருக்கு அண்ணி," என்றார்.

போன குறுவை நெல் எப்படிப் பழசாகும்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிலத்துக்காரி வீட்டில் கெட்டுப்போனது என்று குத்தகைக்காரர் வாயால் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த வருடம் நிலம் யாரிடம் இருக்குமோ? அதனால் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். அதில் நான் நுழைந்திருக்கக் கூடாது.

"ஆமா தம்பி. ஈரத்தோட கட்டியிருப்பீங்களோ என்னவோ," என்றேன்.

பழி என்மேல் வராமல் இருந்தால் போதாதென்று, அதைத் தூக்கி அவர் தலையிலேயே வைத்தேன். பெட்ரோல் வழிந்தது தெரியாமல் நடந்தது. இது தெரிந்து நடந்தது. பெட்ரோலுக்காகக்கூட நான் என்னை மன்னித்துக்கொள்வேன், அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை முடியவில்லை.

அன்று மதியமே காரை எடுத்தேன். "ஏறுங்க தம்பி, எங்க விதை கிடைக்குதுன்னு பார்ப்போம்." எனக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அது தண்டனையாக இருந்தது. காரில் உட்கார்ந்து பழக்கமில்லாமல் கதவோடு ஒட்டிக்கொண்டு, என் ஓட்டத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். விதை டிப்போவில் குறுவை ரகம் தீர்ந்துவிட்டது. தனியார் கடைகளில் விலைக்கும் இல்லை. இருக்கிறவர்கள் எல்லோரும் அதே தண்ணீருக்காகக் காத்திருந்து அதே வாரத்தில் விதைத்துவிட்டார்கள், யாரிடம் மிச்சம் இருக்கும்? நாட்கணக்கில் சுற்றினோம். கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டை என்று போய், கடைசியில் திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில் மூட்டை கிடைத்தது. இவ்வளவு தூரம் சுற்றியும் நடுவில் பெட்ரோல் போட நிற்க வேண்டியிருக்கவில்லை. அவர் அதைப் பாராட்டியும் சொன்னார், "நல்லவேளை அண்ணி, டேங்கு நிறைய வச்சிருந்தீங்க."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ் போனதும் தைரியமும் போய்விட்டது.

கிடைத்த நெல் வயது கூடிய ரகம், விளைய நாள் அதிகம் பிடிக்கும். மற்றவர்கள் நாற்றைப் பிடுங்கி நட்டு முடித்தபோது இவர் நாற்றங்காலில் பச்சை கட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அறுத்துக் களத்தைக் கூட்டியபோது இவர் வயலில் பால் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டம் தப்பினால் நட்டம் என்று அவர் சிரித்தபடியே சொல்வார். நான் வயல் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். தினமும் மாலையில் மேகத்தைப் பார்ப்பேன். அதுவரை மழை வருகிறதா என்று நான் வானத்தைப் பார்த்தது துணி காயப்போடத்தான். அந்த வருடம்தான், கடவுளே இன்னும் கொஞ்சநாள் வேண்டாம் என்று கும்பிட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. முற்றின கதிர் எல்லாம் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. மழை விட்ட அன்று அவர் ஒரு கதிரைப் பறித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். சாய்ந்த கதிரிலேயே ஒவ்வொரு நெல்லும் முளைவிட்டிருந்தது. வெள்ளை மூக்கு, பச்சை நுனி.

"முளைக்க வேண்டியப்ப முளைக்கல அண்ணி. இப்பப் பாருங்க, என்னமா முளைச்சிருக்குன்னு," என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் ஏன் என்று கேட்பாரே என்று அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரம் போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரிடம் மட்டுமாவது முழுக்கச் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, ரப்பர், சரிந்த தரை, அந்துப்பூச்சி, எல்லாம்.

"அதெல்லாம் இருக்காது. பெட்ரோல் ஆவியாப் போயிடும். விதை கோளாறா இருக்கும்," என்றார். எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு. அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். எனக்கோ, திட்ட ஒரு ஆள் கிடைத்தால் தேவலை போல இருந்தது.

கார்த்திகை முடியும்போது குத்தகைக்காரர் வந்தார். வழக்கமாக வருகிற பக்கவாட்டு வழியில் வராமல் முன்வாசல் வழியாக, சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் அண்ணி. எந்த வேலையா இருந்தாலும் சரி. லோடு தூக்குறதுன்னாலும் சரி."

"வயல் என்னாவுறது தம்பி?"

"குறுவைக்கு அடுத்து நடுற தாளடியும் தள்ளிப்போச்சு. இனிமே அதை நம்பி ஒண்ணும் முடியாது. பாப்பா வேற இருக்கா."

நிலத்தை விடமாட்டார் என்று நான் நினைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். ஊரில் அத்தனை பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தபோது, 'அங்க போனா மண்ணை யாரு கிளறுறது' என்று கேலி பேசியவர். நான் சொல்ல மறுத்திருக்கலாம். வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. கெடுத்ததற்கு ஈடாக ஒன்று செய்துவிடலாம், கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. அன்றைக்கே போன் போட்டேன். வீட்டுக்காரருக்கும் பெருமைதான், ஊர்க்காரன் ஒருவனுக்கு வழி காட்டுவதில். பொங்கல் கழிந்து விசா வந்தது.

திருச்சி விமான நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். அவர் முன்சீட்டில், மனைவியும் பெண்ணும் பின்சீட்டில். பெண் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அப்பா விமானத்தில் போகிறார் என்பதில் அதற்குக் கொள்ளை ஆனந்தம். தஞ்சாவூர் தாண்டி ஒரு பங்க்கில் நிறுத்தினேன். அந்தப் பங்க்கில் யாருக்கும் என்னைத் தெரியாது, யாரும் பார்க்கவும் இல்லை. குழாய் டக் என்று நின்றது.

"போதும்," என்றேன்.

"அட, போடுங்கண்ணே, இன்னும் புடிக்கும்," என்று அவர் கதவைத் திறந்து இறங்கினார். "அண்ணி திரும்பி வரும்போது ஆம்பள துணையில்லாம வரணும். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது."

"வேணாம் தம்பி, போதும்."

அவர் கேட்கவில்லை. காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். நான் ஆட்டுவதைவிட நன்றாகவே ஆட்டினார், மூட்டை குலுக்கிப் பழகிய கை. உள்ளே பெட்ரோல் இறங்குகிற சத்தம் கேட்டது. பங்க்காரர் இன்னும் கொஞ்சம் விட்டார். தம்பியே மூடியை வாங்கித் திருகி, சாவியை என்னிடம் நீட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை. தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று அவர் முகத்தை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விமான நிலையத்தில் டிக்கெட் இருப்பவர்தான் உள்ளே போக முடியும். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். எனக்கு அந்தக் கதவு பழக்கம். எந்த இடத்தில் நின்றால் கடைசிவரை தலை தெரியும் என்பதுவரை பழக்கம். அவர் மனைவியை இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெண் கையை ஆட்டியது. பிறகு அவர் தலை தெரியவில்லை. அதுவரை பாடிக்கொண்டிருந்த பெண் அப்போதுதான், "அப்பா எப்ப வரும்?" என்று கேட்டது.

திரும்பும்போது அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பெண் பின்னால் தூங்கிவிட்டது. தை மாதம்தான் என்றாலும் உச்சி வெயில். காரை வெயிலில் நிறுத்தியிருந்ததால் கதவைத் திறக்கும்போதே பெட்ரோல் வாசனை இருந்தது. துவாக்குடி தாண்டியதும் கூடியது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"விதை நெல்லப் பிரிச்சப்பவும் இதே வாசனைதான்க்கா," என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு மரத்தைக் காட்டிச் சொல்வதுபோலச் சொன்னாள். என் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக விலகியது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்க்கா. மூட்டையைத் தூக்குனப்பவே ஒரு பக்கம் நனைஞ்சு காஞ்ச மாதிரி இருந்துச்சாம். ஊறப்போட்டா போயிடும்னு நினைச்சிட்டாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நிலத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவீங்களோன்னு முதல்ல பயந்தாங்க. அப்புறம் அதுவும் இல்ல. அண்ணன் இல்லாம அண்ணி தனியா கெடந்து அல்லாடுறாங்க, பாவம், அவங்க மனசை ஏன் நோகடிக்கணும், காட்டிக்காதன்னு சொல்லிட்டாங்க."

இத்தனை மாதமும் நான் அவர்களை நினைத்து மருகிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தனியாகக் கிடக்கிறேன் என்று பரிதாபப்பட்ட ஆளைத்தான் நான் விமானம் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். எந்த வீட்டில் ஆள் இருந்ததோ அந்த வீட்டை என் வீடு மாதிரி ஆக்கிவிட்டேன். அதற்கு ஈடு என்று பெயர் வைத்திருந்தேன்.

"என்னாலதான் எல்லாம்," என்றேன். "அன்னிக்கு உங்க மேலயே பழியைப் போட்டேன். எனக்கு…"

"விடுங்கக்கா. இனிமே பேசி என்ன?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, வேர்த்திருந்ததா தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வல்லம் வந்தது, போனது. தஞ்சாவூருக்குள் நுழையும்போது அவள் என் பக்கம் திரும்பினாள். வெட்கப்படுவதுபோல ஒரு சிரிப்பு இருந்தது முகத்தில்.

"அக்கா, உங்களை ஒண்ணு கேக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை உங்க வீட்டுக்குப் போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் வந்து பேசலாம்ல?"

"இது என்ன கேள்வி? வா. எப்ப வேணா வா."

"அது இல்லக்கா. எனக்குப் போன்ல பேசிப் பழக்கமில்ல. அவங்க வயல்லேர்ந்து வருவாங்க, சோறு போடுவேன், சாப்பிடுவாங்க. நாங்க உக்காந்து பேசிக்கிட்டதே கெடையாது. போன் வந்தா என்னக்கா பேசணும்?"

அந்த ஊரிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான். அத்தனை வருடம் பேசியவள். யோசித்தேன். வண்டி பெரிய கோயில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"சாப்பிட்டீங்களான்னு கேளு," என்றேன்.

தலையாட்டிக்கொண்டாள். மனதில் போட்டுக்கொள்கிறவள் மாதிரி அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்புறம்?"